இரண்டு அங்குலம் குறைத்துச் சொன்ன வீடு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் பாதிப் பேருக்குப் புரியாது என்று புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். போட்டுக்கொள்ளட்டும். இந்தக் கதையில் குளறுபடி செய்தவள் அவளேதான் என்பதால், ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை ஒழுங்காகத்தான் வருகிறது.

என் பேரன் ஃபுட்பால் ஆடுகிறவன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற கேட்டி என்கிற ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் ஊரே ஸ்கூல் மைதானத்தில்தான் இருக்கும். ஸ்கூல் மைதானம் என்றதும் நம் ஊரில் கொடியேற்றுகிற இடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கட்சியே வந்து மாநாடு நடத்தலாம், அத்தனை பெரியது. பேண்டு வாத்தியம், பகல் மாதிரி விளக்கு, பக்கெட் நிறையச் சோளப்பொரி. ஃபுட்பால் என்று பேர்தானே தவிர, பந்தைக் காலால் உதைக்கிறவன் எப்போதாவது உள்ளே வந்து ஒரு உதை உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வான். மற்றவர்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், இல்லையென்றால் ஓடுகிறவனைத் தள்ளுகிறார்கள்.

என் பேரன் தள்ளுகிறவன். பந்தை எறிகிற பையன் ஒருவன் பின்னால் நிற்பான். அவனை விழுத்தாட்ட எதிர்ப்பக்கத்து ஆட்கள் பாய்ந்து வருவார்கள். அவர்களை மறித்து நிற்பதுதான் இவன் வேலை. ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவே மாட்டான். எனக்கு அது மிகவும் வசதி. பந்து எங்கே போகிறது என்று தேட வேண்டியதில்லை. இவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இந்த வேலைக்கு லைன்மேன் என்று பேர். ஊரில் இருக்கிற சம்பந்தியம்மாளுக்குப் போனில் இதைச் சொன்னபோது அவர் பதறிப்போனார்.

"ஏனுங் சம்பந்தி, அமெரிக்காவுல பொறந்து வளந்த பையன் போயும் போயும் லைன்மேன் வேலைக்கா போறான்? கரண்டு அடிச்சுப் போட்டா என்னங் பண்றது?"

"அவன் கம்பம் ஏற மாட்டானுங். கம்பமே அவன்தானுங்" என்றேன்.

அந்த வருஷம் அவனுக்குப் பன்னிரண்டாவது. அவனோடு ஆடுகிற பையன்களில் சிலரைக் காலேஜ்கள் கூப்பிட்டுவிட்டன. நன்றாக ஆடுகிறவனைக் காலேஜே ஃபீஸ் கட்டிச் சேர்த்துக்கொள்ளும். இவனை யாரும் கூப்பிடவில்லை. இவனுக்கும் கண்ட காலேஜ் வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்கிற தூரத்தில் ஒன்று இருக்கிறது. அங்கே லைன்மேன்களுக்கென்று தனியாக ஒரு கோச். அவர் ஒரு தடவை இவன் ஆட்டத்தை வீடியோவில் பார்த்துவிட்டு, உன் கால் அசைவு எனக்குப் பிடித்திருக்கிறது என்று இரண்டு வரி அனுப்பியிருந்தார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. பேரனுக்கு அந்த இரண்டு வரி போதும். அங்கே போக வேண்டும், அவரிடம் ஆட வேண்டும். அது நடக்காவிட்டால் பக்கத்தில் ஏதாவது ஒரு காலேஜில் படிப்பான், ஆட்டம் அத்தோடு சரி. இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் இங்கிலீஷில் பேசுவான், நான் தமிழில் பேசுவேன், இரண்டு பேருக்கும் முக்கால்வாசி புரியும். ஆனால் இது போன்ற விஷயமெல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் போனைப் பார்த்துக்கொண்டே வருவான், போனைப் பார்த்துக்கொண்டே போவான்.

ஒரு வெள்ளிக்கிழமை, மைதானத்துப் படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் டயர் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர், பாய். இங்கே பெரிய டயர் கடை வைத்திருக்கிறார். பந்தை உதைத்துவிட்டுப் போய் உட்காருகிற பையன் அவருடைய மகன். ஃபுட்பால் என்றால் அந்த மனிதருக்குச் சாப்பாடு வேண்டாம்.

"அம்மா, உங்க பேரனுக்கு ஸ்டார் எத்தனைன்னு பார்த்தீங்களா?"

"அவனுக்கு ஒரே நட்சத்திரம்தான். மகம்."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோடா முன்வரிசைக்காரர் தொப்பியில் கொட்டிவிட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, துடைத்துவிட்டு, அப்புறம் எனக்கு விளக்கினார்.

"இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கம்மா. நாடு பூரா பசங்க ஆடுற வீடியோவைப் பார்ப்பாங்க. கேம்ப் நடத்துற இடத்துக்குப் போவாங்க. உயரம், எடை, கை நீளம், நாப்பது கஜத்தை எம்புட்டு வேகமா ஓடுறான், முட்டி எப்படி மடங்குது, எல்லாம் பார்த்து ஸ்டார் போட்டு நெட்டுல போட்டுருவாங்க. அஞ்சு ஸ்டார்னா ராஜா வீட்டுப் பிள்ளை. நாலு, மூணு நல்லது. ரெண்டுன்னா அவனாப் போயிக் கதவைத் தட்டணும்."

"எங்க பையனுக்கு?"

"ரெண்டும்மா" என்றார், ஆஸ்பத்திரியில் சொல்வது போல.

"பெரிய காலேஜு ஒண்ணு கூப்பிட்டா?"

"உடனே ஸ்டாரை ஏத்திருவாங்க."

"ஸ்டார் இருந்தாத்தானே காலேஜு கூப்பிடும்?"

"ஆமா."

"காலேஜு கூப்பிட்டா ஸ்டார் ஏறும்?"

"ஆமாம்மா."

"நல்லா இருக்குது போங்க உங்க ஏற்பாடு" என்றேன். அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு சொன்னார்: "உங்க பையனுக்கு ஆட்டத்துல குறையில்லைம்மா. உயரந்தான் இடிக்குது. ஆறடி ஒண்ணுன்னு போட்டிருக்கு. அந்த இடத்துல நிக்கிறவன் ஆறடி மூணாவது இருக்கணும். அதுலயும் பார்க்குறவன் ரெண்டு இஞ்ச் கழிச்சுத்தான் படிப்பான்."

"எதுக்குக் கழிக்கறான்?"

"எல்லா வீட்டுலயும் கூட்டித்தானே சொல்றாங்க! எங்க பய அஞ்சடி எட்டு. நான் பத்துன்னு சொன்னேன். அவங்க ரெண்டு கழிச்சு எட்டுன்னு எடுத்துக்கிட்டாங்க. கணக்கு நேராப்போச்சு."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. என் பேரன் ஆறடி ஒன்று இல்லை. டாக்டரிடம் காட்டப் போனபோது நானும் கூடப் போயிருக்கிறேன். நர்சம்மா சுவரோடு நிற்க வைத்து ஆறடி மூன்று என்று சொல்லிவிட்டு, தானே ஒரு அடி பின்னால் போய் அண்ணாந்து பார்த்தாள். வீட்டில் புகை வந்தால் கத்துகிற மெஷினுக்குப் பேட்டரி மாற்றுகிறவன் அவன்தான். ஸ்டூல் போட மாட்டான்.

வீட்டுக்கு வந்தோம். மகள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பேரன் குளிக்கப் போயிருந்தான்.

"ஏ அம்மிணி, பையன் உயரம் எத்தனைன்னு ஸ்கூல்ல சொன்னே?"

அவள் திரும்பவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கோச்சு ஆபீஸ்ல இருந்து ஒரு லேடி போன் பண்ணிக் கேட்டாம்மா. நான் கடையில லைன்ல நின்னுட்டிருந்தேன். முன்னாடி ரெண்டு அம்மாங்க, பின்னாடி ஒருத்தி, எல்லாம் நம்ம ஆளுங்க. ஆறடி மூணுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அத்தன பேர் காதுல விழற மாதிரி எப்படிச் சொல்றது? ஒண்ணுன்னு சொல்லிட்டேன்."

"எடை?"

"அதுலயும் கொஞ்சம் கொறச்சுத்தான்…"

"அட கெடுத்தியே!"

"நீதானம்மா சொல்லிக் குடுத்தே! பையன் பொறந்தப்ப எடை என்னன்னு கேட்டவங்களுக்கெல்லாம் அரைக் கிலோ கொறச்சுச் சொன்னது ஆரு?"

"அது தெருவுல கேக்கறவங்களுக்கு. கம்ப்யூட்டருக்கு என்ன கண்ணா இருக்குது?"

"கேமரா இருக்குதல்ல?"

உள்ளே இருந்து மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை எண்ணெய் கம்பெனியில் இஞ்சினியர். சாதாரணமாகச் சிரிக்கிறவர் இல்லை.

இதில் என் மகளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் வீடுகளில் எந்தத் தாய் தன் பிள்ளை நன்றாக வளர்ந்திருக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்? குண்டாக இருக்கிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே, இவன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்றுதான் சொல்வாள். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினால், ஏதோ பாஸ் பண்ணிவிட்டான் என்பாள். கேட்கிறவளுக்கும் அது தெரியும், அவள் மனதுக்குள் கூட்டிக்கொள்வாள். இங்கே எல்லாரும் கூட்டிச் சொல்கிறார்கள், கேட்கிறவன் கழித்துக்கொள்கிறான். எங்கள் வீடு கழித்துச் சொல்லி, அவர்களும் கழித்து, என் பேரன் ஐந்தடி பதினொன்றாகிப் போய்விட்டான்.

மறுநாள் மாப்பிள்ளை ஸ்கூல் கோச்சுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார், போனில் தெரியவில்லை. இப்போது திடீரென்று இரண்டு அங்குலம் ஏற்றினால், காலேஜ் கிடைக்கவில்லை என்று இவர்களும் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள், பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டார். யாராவது நேரில் பார்த்தால்தான் உண்டு. பேரனிடம் சொன்னோம். அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான்.

"இட்ஸ் ஓகே, மாம்" என்றான். அவள் அழ ஆரம்பித்தாள். அதற்கும் "இட்ஸ் ஓகே" என்றான்.

நான் கலங்கவில்லை. இவ்வளவு பெரிய பையனை எத்தனை நாளைக்கு ஒளித்து வைக்க முடியும்?

ஸ்கூல் கோச் நல்ல மனிதர். அந்தக் காலேஜுக்குப் பேசி, ஒரு தடவை வந்து பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த வருஷத்துக்கு லைன்மேன் இடம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு இரண்டு மூன்று பையன்களை யோசித்துக்கொண்டிருந்தார்களாம். கால் அசைவு பிடித்திருக்கிறது என்று எழுதிய கோச்சே எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். இங்கே அப்படி ஒரு வழக்கம். பையனை எடுப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசிப் பார்ப்பார்கள். வீடு எப்படி, பையன் வீட்டில் எப்படி, அப்பனுக்கு என்ன உடம்பு, இன்னும் வளர்வானா, எல்லாம் கண்ணாலேயே அளந்துகொண்டு போவார்கள்.

வந்தார். கதவு அகலத்துக்கு ஒரு கறுப்பு மனிதர். குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. பேரன்தான் கதவைத் திறந்தான்.

"கோச், ஷூஸ் ப்ளீஸ்" என்றான் கூச்சத்தோடு.

எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்ய வருகிறவர்கூடக் கழற்றிவிட்டுத்தான் வருவார். கோச் மடமடவென்று குனிந்து கழற்றினார். ஒரு சாக்ஸில் கட்டை விரல் வெளியே எட்டிப் பார்த்தது. அவருக்கு வெட்கம், எனக்கு அப்போதே அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. நிமிர்ந்து கை கொடுத்தார். பேரன் வெறுங்காலோடு நிற்கிறான். அவரும் சாக்ஸோடு நிற்கிறார். கையை விடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ கேட்டார். அவர் பேசியதையெல்லாம் மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். கேட்டது இதுதான்: "நான் ஆறடி மூணு. உன் கண்ணு எதுக்கு என் கண்ணுக்கு நேரா இருக்கு?"

மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குப் பொய் வராது. கடையில் லைன், முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தி என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். கோச் சோபாவில் உட்கார்ந்து சிரித்தார், சோபா குலுங்கியது. மற்ற வீடுகளில் பையன்கள் கட்டைக் குதி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பார்களாம். ஒரு வீட்டில் பையனின் அம்மா அவனுக்குத் தலைமுடியை உயர்த்தி வாரிவிட்டிருந்தாளாம். குறைத்துச் சொன்ன வீட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார்.

அப்புறம் மகளைக் கேட்டார், பையன் நன்றாகச் சாப்பிடுவானா என்று.

"எங்கீங்க, சாப்பிடவே மாட்டான்" என்பதை அவள் இங்கிலீஷில் சொன்னாள். பழக்கம் விடவில்லை.

கோச் முகம் மாறியது. லைன்மேன் இன்னும் எடை ஏற்ற வேண்டும், சாப்பிடாத பையனை வைத்து என்ன செய்வது? மாப்பிள்ளை எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். அவனுக்கென்று தனியாக வைத்திருந்த மாவுச் சட்டி, முட்டை அட்டைகள், பால் கேன்கள். "இது செவ்வாய்க்கிழமை வரைக்கும் வராது" என்றார். கோச் மகளைப் பார்த்து விரலை ஆட்டினார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆனாலும் அவருக்கு ஒரு யோசனை இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்தார்; மாப்பிள்ளை ஒல்லி, நடுத்தர உயரம். மகளைப் பார்த்தார், அவளும் அப்படித்தான். இத்தோடு இவன் வளர்ச்சி நின்றுவிடுமோ, எலும்பு இன்னும் எடை தாங்குமோ என்று நினைத்திருப்பார். நான் அதுவரைக்கும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். காபி எடுத்துவர எழுந்தேன்.

கோச்சும் எழுந்து நின்றுவிட்டார்.

நான் உயரம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படியொரு உயரத்தில் பெண் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் அப்பா என்னை உட்கார வைத்தே காட்டினார். எழுந்து காபி கொடுக்கக்கூட விடவில்லை, சித்தி கொடுத்தாள். கல்யாணத்தன்று மணவறையில் எழுந்தபோதுதான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது, அதற்குள் தாலி ஏறிவிட்டது. போட்டோக்காரர் என் வீட்டுக்காரரை ஒரு பலகை மேல் நிற்க வைத்து எடுத்தார். அவர் அதைக் கடைசிவரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வெளியில் போனால் நான் கொஞ்சம் கூனித்தான் நடப்பேன். யாரும் சொல்லவில்லை, தானாகவே வந்துவிட்டது.

கோச் என் பக்கத்தில் வந்து, நேராக நில்லுங்கள் என்று கையால் காட்டினார். நின்றேன். முதுகு கடகடவென்றது. அவர் என் தோளைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார். பேரனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, இப்போதும் மகளுக்கு என் தோள் உயரந்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பேரனிடம் என்னமோ சொன்னார்.

"என்னடி சொல்றாரு?"

"இவன் உன்ற பக்கம்மா. இன்னும் வளருவானாம்."

நான் சமையலறைக்குப் போனேன். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அத்தனை சந்தோஷம்.

போகும் முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பையன் எப்படி? நான் சொன்னேன், நான் பந்தைப் பார்க்க மாட்டேன், அவனை மட்டுந்தான் பார்ப்பேன், விசில் ஊதியதும் விழுந்து கிடக்கிறவனுக்கு முதலில் கை கொடுக்கிறவன் அவன், எதிர்ப்பக்கத்துப் பையனுக்கும் கொடுப்பான், அடுத்த தடவை அதே பையனை மறுபடியும் தள்ளி விழுத்தாட்டுவான் என்று. மகள் சுருக்கமாக ஒரு வரி சொன்னாள். அதில் ஓகே என்ற வார்த்தை எனக்குக் கேட்டது.

"ஏ புள்ள, நான் சொன்னதப் பூராவும் சொல்லு. ஓகேங்கறது எனக்கும் தெரியும்."

சொன்னாள். கோச், அதை நானும் வீடியோவில் பார்த்தேன், விசிலுக்கு அப்புறம் என்ன செய்கிறான் என்று பார்ப்பதுதான் என் வேலையில் பாதி என்றார். வருகிற சனிக்கிழமை எல்லாரும் காலேஜுக்கு வாருங்கள், முறைப்படி அளந்து பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை போனோம். எனக்கு அந்தக் காலேஜில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். வேண்டாம், நடந்தே வருகிறேன் என்று நிமிர்ந்து நடந்தேன். அளக்கிற இடத்தில் இன்னொரு பையனும் அவன் அப்பாவும் இருந்தார்கள். அவனுக்கு மூன்று ஸ்டார் என்று மாப்பிள்ளை காதில் சொன்னார். பார்க்க நம் பையனைவிட உயரமாகத்தான் தெரிந்தான். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள், சரசரவென்று இறங்கிப் போனான். பாவமாக இருந்தது. அவன் அப்பா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அளவென்றால் அளவு, நான் அப்படிப் பார்த்ததில்லை. உயரம், எடை. இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரைக்கும், பூக்காரி மார் போட்டு அளப்பது போல. உள்ளங்கையை மேஜையில் விரித்து வைக்கச் சொல்லிச் சாண் அளந்தார்கள். குதிகாலைத் தூக்காமல் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார்கள். அந்த மூன்று ஸ்டார் பையன் பின்னால் சாய்ந்துவிட்டான். என் பேரன் உட்கார்ந்துகொண்டே எங்களைப் பார்த்தான். நம் ஜனங்களுக்கு இது ஒரு வித்தையா? நாற்பது கஜம் ஓடினான், அது நன்றாக இல்லை. நேரம் குறிக்கிறவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். மகள் என் கையை நசுக்கினாள்.

"அவன் எங்கடி ஓடப் போறான்? நின்ன எடத்துல நிக்கறதுதானே வேலை" என்றேன்.

கடைசியில் அவர்களிடம் ஏற்கெனவே ஆடுகிற பெரிய பையன் ஒருவனை இவன் மேல் பாயவிட்டார்கள். முதல் தடவை இவனைத் தாண்டிப் போய்விட்டான். கோச் இவன் இடுப்பைத் தொட்டு என்னமோ சொன்னார். இரண்டாம் தடவை முட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாம் தடவை என் பேரன் முட்டியை மடக்கி, கீழே இருந்து எழுந்து, அந்தப் பையனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். கோச் மறுபடியும் சிரித்தார். சொன்னதைச் சொன்னவுடனே செய்கிறானா என்று பார்க்கத்தான் மூன்று தடவையாம்.

எங்களை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மாப்பிள்ளை, மகள், பேரன், நான். கோச் நேராகப் பேரனிடம் பேசினார். உனக்கு இடம் தருகிறேன், முதல் வருஷம் ஆட்டம் கிடைக்காது, சாப்பிடு, எடை ஏற்று, கற்றுக்கொள், சம்மதமா என்றார். எனக்குப் புரியும்படி மகள் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சொல்லி முடித்துவிட்டு, அவளே கோச்சிடம் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். ரொம்ப சந்தோஷம், நாங்கள் வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று.

நம் வீடுகளில் எதற்கும் உட்கார்ந்த இடத்தில் சரி என்று சொல்ல மாட்டோம். பெண் பிடித்திருந்தாலும் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றுதான் எழுந்திருப்போம். உடனே சரி என்றால் அலைகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். மாப்பிள்ளையும் தலையை ஆட்டினார். நானே ஆட்டியிருப்பேன், கோச் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. வெளியே அந்த இன்னொரு பையனும் அவன் அப்பாவும் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. இவர்களுக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அவர் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அதை எந்தப் பாஷையில் சொல்லித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, வேண்டாம்" என்றான் பேரன்.

தமிழில் சொன்னான்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வேணும்."

பிறகு கோச்சைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னான். என்ன சொன்னான் என்று மகள் எனக்குச் சொல்லவில்லை, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைதான் சொன்னார்: "வர்றேன் சார்னு சொல்லிட்டான் அத்தை. நீங்க பாத்த பசங்கள்லயே நான்தான் நல்ல லைன்மேன், அதுவும் சொல்லிட்டான்."

தன்னைப் பற்றி அவன் அப்படி வாய்விட்டுச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கோச் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். என்னையும் கட்டிக்கொண்டார். அந்த மனிதரைக் கட்டிக்கொள்வது வைக்கோல் போரைக் கட்டிக்கொள்வது போல இருந்தது.

திரும்பி வரும்போது டயர் கடைக்காரர் போன் செய்தார். செய்தி நெட்டில் வந்துவிட்டதாம்.

"அம்மா, மூணு ஸ்டார் போட்டுட்டாங்க! காலையில ரெண்டு இருந்துச்சு!"

"காலையில இருந்து அவன் என்ன வளந்தா போயிட்டான்?" என்று கேட்டேன்.

"அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா" என்று சிரித்தார். அவர் மகனுக்கு இன்னும் ஒரு காலேஜும் கூப்பிடவில்லை. அதை நினைத்துக்கொண்டு, உங்க பையனுக்கும் சீக்கிரம் வந்துரும் பாருங்க என்றேன். வந்துரும்மா என்றார்.

பேரன் பின் சீட்டில் என் பக்கத்தில்தான் இருந்தான். ஃப்ரீவே ஏறுவதற்குள் தூங்கிவிட்டான். நாலைந்து நாளாகத் தூக்கமில்லை போலிருக்கிறது. மடங்கி மடங்கிப் பார்த்தான், இடம் போதவில்லை. கடைசியில் தலையைக் கதவில் சாய்த்து, இரண்டு காலையும் தூக்கி என் மடியில் போட்டுவிட்டான். அம்மாடி, என்ன கனம். பாதி வழியிலேயே என் தொடை மரத்துப்போனது.

"காலை எடுக்கச் சொல்லும்மா, வலிக்கும்" என்று மகள் முன்னாலிருந்து திரும்பிச் சொன்னாள்.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டச் சொல்லு மாப்பிள்ளையை" என்றேன். கால் இரண்டையும் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீடு வருகிறவரைக்கும் எழுப்பவில்லை.